மின்கலச் சூரியனும் தோன்றா எழுவாயும்

மின்கலத்தில் சேமித்த ஆற்றலைக் கொண்டு கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பேரொளியை உமிழ்வதும், சுவரில் உள்ள பிளக் பாயிண்டை நம்பியிராமல் காடு, மலை, கடற்கரை ஆகிய எவ்விடத்திற்கும் எடுத்துச் செல்லத்தக்கதுமான விளக்கு, ஒளிப்படத் தொழிலில் 'ஸ்ட்ரோப்' என்று வழங்கப்படுகிறது. தமிழகத்துத் திருமண ஒளிப்படக்காரர்கள் இதனைப் 'பேட்டரி லைட்' என்றும், அவசரம் மிகும்போது வெறுமனே 'லைட்டு' என்றும் அழைப்பர். மேற்கண்ட வரையறையில் உள்ள மின்கலத்தைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் விற்பனையாளர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். 'எடுத்துச் செல்லத்தக்க' என்னும் தொடரைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. எடுத்துச் செல்வது யார் என்று கேட்டால், அத்தொடருக்குள் விடை இல்லை. 'நாளை வா' என்னும் தொடரில் 'நீ' என்பது சொல்லப்படாமலேயே நிற்பதைத் தோன்றா எழுவாய் என்று இலக்கண நூலார் குறிப்பர்; ஒளிப்படக் கலையிலும் அத்தகைய எழுவாய் ஒன்று தொடக்க காலம் முதல் மூட்டை முடிச்சுகளுடன் மறைந்து நிற்கிறது என்பதையும், அது ஒருமுறை இக்கட்டுரையாளரின் வடிவில் கடற்கரையில் தோன்ற நேர்ந்ததையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகல் வெளிச்சத்தில் விளக்கு எதற்கு என்பது திருமண வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் எழுப்பும் கேள்வியாகும். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிவதைக் கண்டாலே நகராட்சியைக் கடிந்துகொள்ளும் தலைமுறையினருக்கு, உச்சி வெயிலில் மணமக்களை நிறுத்தி அவர்கள் மீது மேலும் வெளிச்சத்தைப் பாய்ச்சுவது பணக்கொழுப்பாகவே தோன்றும். ஆயினும் அதற்குக் காரணம் உண்டு. நண்பகல் சூரியன் ஏறத்தாழ தலைக்கு மேலே நிற்பதால், நெற்றியும் மூக்குத் தண்டும் பளபளக்க, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்பள்ளங்களும், மூக்கின் கீழே மீசை போன்ற ஒரு நிழலும் விழுகின்றன; மணமகனுக்கு ஏற்கெனவே மீசை இருப்பதால் அவருக்கு இழப்பில்லை எனினும், மணமகள் வீட்டார் இதனை எளிதில் ஏற்பதில்லை. மனிதக் கண் வெளிச்சமான வானத்தையும் நிழலடித்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவோ வானத்தைக் காப்பாற்றினால் முகத்தைக் கருக்கிவிடுகிறது, முகத்தைக் காப்பாற்றினால் வானத்தை வெள்ளைத்தாளாக்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தை வேறொரு விளக்கால் நிரப்பும் ஒளிக்கு நிரப்பொளி என்று பெயர். பகலில் ஸ்ட்ரோப் செய்யும் முதல் வேலை இதுவே.

சூரியன் எழுந்த பின்னும் விழுவதற்கு முன்னும் உள்ள ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழுவதால், ஒளிப்படக்காரர்களால் பொன்னேரம் என்று போற்றப்படுகிறது. அந்நேரத்தில் படமெடுத்தால் பெரும்பாலும் விளக்கே தேவைப்படாது. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் ராகுகாலம், எமகண்டம், குளிகை ஆகியவற்றை விலக்கி முகூர்த்தம் குறிக்கிறார்களே அன்றி, நிழலின் நீளத்தை ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை. காலைப் பொன்னேரத்தில் மணமகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார்கள்; மாலைப் பொன்னேரத்தில் வரவேற்புக்கான ஒப்பனை நடந்துகொண்டிருக்கும். எஞ்சுவது முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் பதினொன்று முதல் ஒரு மணி வரையிலான நேரம் மட்டுமே. அது சூரியன் தன் முழுக் கொடுமையையும் காட்டும் நேரமும் ஆகும். ஆகவே தமிழகத்தைப் பொறுத்தவரை ஸ்ட்ரோப் என்பது சோதிடத்திற்கும் ஒளியியலுக்கும் இடையே, மணமகளின் தந்தையுடைய செலவில் ஏற்பட்ட சமரசம் என்று கொள்வதில் தவறில்லை.

செயற்கை ஒளியை வெளியே எடுத்துச் சென்ற வரலாறு, தீ விபத்துகளின் வரலாறாகவே தொடங்குகிறது. 1887இல் ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் மீத்தே, யோகன்னஸ் கேடிக்கே ஆகிய இருவரும் மக்னீசியத் தூளைப் பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றுடன் கலந்து, தீப்பட்ட மாத்திரத்தில் பளிச்சென்று எரியும் ஒளித்தூளை அறிமுகப்படுத்தினர். சிவகாசிக்காரர் எவரும் பெயரைக் கேட்டதும் பத்தடி பின்வாங்கிவிடக்கூடிய கலவை அது. டென்மார்க்கிலிருந்து நியூயார்க்கில் குடியேறிக் காவல்துறைச் செய்தியாளராகப் பணியாற்றிய ஜேக்கப் ரீஸ், அந்நகரத்து ஏழைகளின் இருண்ட குடியிருப்புகளைப் படம்பிடிக்க இத்தூளைக் கையிலெடுத்தார். தொடக்கத்தில் அத்தூளைத் தோட்டாவில் அடைத்துக் கைத்துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது. நள்ளிரவில் கதவைத் தள்ளிக்கொண்டு துப்பாக்கியோடு நுழையும் கூட்டத்தைக் கண்ட குடியிருப்போர், தங்கள் வறுமையை உலகுக்குக் காட்டவே இவர்கள் வந்துள்ளனர் என்பதை உணராமல் சன்னல் வழியே இறங்கி ஓடினர். இதனால் அவர் துப்பாக்கியைக் கைவிட்டு வாணலியில் தூளைக் கொட்டி எரிக்கும் முறைக்கு மாறினார். வீட்டுக்கு இருமுறையும் தமக்கு ஒருமுறையும் தீ வைத்துக்கொண்டதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். 1890இல் வெளிவந்த அவருடைய நூல் நகரத்தின் குடியிருப்புச் சீர்திருத்தத்திற்குப் பெரும் வலுச்சேர்த்தது. வாணலியைச் சுமந்தவரைப் பற்றிப் பேசுவோர் இல்லை.

வழக்கறிஞராகவும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ஜார்ஜ் ஷைரஸ், இதே தூளை இரவு வேளையில் படகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மான்களைப் படமெடுத்தார். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1906 ஜூலையில் அவருடைய 74 படங்களை ஒருசேர வெளியிட்டது. மானுக்குக் கேட்காதபடி ஒருவர் பின்னால் அமர்ந்து துடுப்பு வலித்தாலன்றி, முன்னால் அமர்ந்தவர் கேமராவிலும் விளக்கிலும் கைவைக்க இயலாது என்பது படகு ஓட்டிய எவருக்கும் விளங்கும்.

1920களின் இறுதியில் ஒளித்தூளுக்கு மாற்றாக, பளிச்சென்று எரியும் மெல்லிய உலோகத் தாள் கண்ணாடிக் குமிழுக்குள் அடைக்கப்பட்டது. ஒருமுறை எரிந்ததும் கழற்றி எறிய வேண்டிய இக்குமிழ்களை வைத்து ஓ. வின்ஸ்டன் லிங்க் என்னும் அமெரிக்கர், 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் இருப்புப்பாதையின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவில் படமெடுத்தார். சூரியனைத் தம் விருப்பப்படி நிறுத்த இயலாது என்பதால் இரவையே தேர்ந்தெடுத்த அவர், மேற்கு வெர்ஜீனியாவின் அயேகர் என்னும் ஊரில் 1956இல் எடுத்த புகழ்பெற்ற ஒரே படத்திற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட குமிழ்களைக் கம்பியால் பிணைத்து ஒரே நொடியில் எரியவிட்டார். லிங்கும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் தாமும் தங்கள் விளக்குக் கருவிகளில் ஒரு பகுதியைப் பரப்பி வைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றும் அதே ஆண்டில் எடுக்கப்பட்டது. சுமந்தவர், தாம் சுமந்தவற்றோடு, பெயரும் பதிவாகி, படத்திற்குள் நிற்கும் அரிய சான்று என்ற வகையில் இப்படம் இக்கட்டுரையின் கருத்துக்கு முதன்மையானது.

இன்றைய ஸ்ட்ரோபின் தந்தை ஹெரால்டு எட்ஜர்டன் ஆவார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1930களில் அவர் உருவாக்கிய மின்விளக்குகள், தூளும் புகையும் இன்றி, எரிந்த குமிழைக் கழற்றும் வேலையும் இன்றி, மீண்டும் மீண்டும் ஒளிர்ந்தன. தட்டில் விழும் பால் துளி கிரீடம் போல் எழுவதையும், ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு குண்டு வெளியேறுவதையும் அவை உறையவைத்துக் காட்டின. இரண்டாம் உலகப் போரில் இவ்விளக்குகளைப் பேருருவாக்கி வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கப் பயன்படுத்தினர். 1944இல் நார்மண்டிப் படையிறக்கத்திற்கு முந்தைய இரவிலும் இவை பணியாற்றின. 'எடுத்துச் செல்லத்தக்க' என்னும் தொடருக்கு ஒரு போர் விமானமே எழுவாயாக நின்றதும் அப்போதுதான்.

தமிழகத்துத் திருமண மண்டபங்களில் இந்த எழுவாய், வீடியோ வந்த 1980களில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஓர் இளைஞர், குத்துவிளக்கு, ஓமகுண்டம், நாதஸ்வரக் கலைஞரின் கால்கள் ஆகியவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் நீண்ட வயரை இழுத்துக்கொண்டு வீடியோக்காரரின் பின்னால் நடந்தார். அவ்விளக்கின் சூட்டில், ஓமத்தீயை ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பழகிய புரோகிதரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயர் இருந்தவரை அவ்விளைஞரின் எல்லை மண்டபத்தின் சுவரோடு முடிந்தது. வெளியிடத்திற்கென வந்த பழைய ஸ்ட்ரோப்களில் ஈய-அமில மின்கலம் தனிப் பெட்டியாகத் தோளில் தொங்கியது. லித்தியம்-அயனி மின்கலம் வந்த பின்னரே மின்கலமும் விளக்கும் ஓருடலாயின; சுவீடனின் புரோஃபோட்டோ நிறுவனம் 2013இல் வெளியிட்ட பி1 என்னும் விளக்கு ஏறத்தாழ மூன்று கிலோ எடையில் இதனைச் செய்துகாட்டியது. பின்னர் சீனாவின் ஷென்ஷென் நகரத்து கோடாக்ஸ் நிறுவனம், ஏடி600, ஏடி200 ஆகிய விளக்குகளை நடுத்தர ஒளிப்படக்காரருக்கும் எட்டும் விலையில் கொண்டுவந்து, வயர் எட்டாத வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தையும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும் திருமண ஆல்பத்துக்குள் சேர்த்தது. வயர் போயிற்று, அதைப் பிடித்து நடந்த இளைஞர் மட்டும் எங்கும் போகவில்லை.

இவ்விளக்கு இயங்கும் முறையை, தமிழ்க் குடும்பத்தின் பொருளாதாரத்தை அறிந்த எவரும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மின்கலம் மாதச் சம்பளத்தைப் போன்றது. அதனால் ஒரே நேரத்தில் பெருந்தொகை தர இயலாது. ஆகவே அது சிறுகச் சிறுகத் தரும் ஆற்றலை, முந்நூறு வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி, மின்தேக்கி என்னும் உறுப்பு சீட்டுப் பணம் போல் சேர்த்து வைக்கிறது. ஒளிப்படக்காரர் பொத்தானை அழுத்தியதும், செனான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாயின் மீது சில ஆயிரம் வோல்ட் மின்னதிர்ச்சி பாய, அதுவரை மின்சாரத்தைக் கடத்தாமல் முரண்டுபிடித்த வாயு வழிவிட்டுவிடுகிறது. சேர்த்து வைத்த அனைத்தும் அவ்வழியே பாய்ந்து ஒரே முகூர்த்தத்தில் கரைந்துபோகிறது. மின்தேக்கியின் இயல்பையும் மணமகளின் தந்தையின் இயல்பையும் வேறுபடுத்துவது ஒன்றே: மின்தேக்கி சில நொடிகளில் மீண்டும் நிரம்பிவிடும்.

விளக்கின் வலிமை வாட்-நொடி என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஏடி600 ஒருமுறை முழு வலிமையுடன் ஒளிர்வதற்கு 600 வாட்-நொடி ஆற்றலைச் செலவிடுகிறது. பத்து வாட் எல்இடி பல்பு ஒன்று ஒரு நிமிடம் எரிவதற்கு வேண்டிய ஆற்றல் இவ்வளவே என்று அறியும்போது வாங்கியவரின் முகம் வாடுவது இயல்பு. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு நொடிக்குள் அமுக்கிக் கொட்டுவதால், அக்கணத்தில் அது லட்சம் வாட்டுக்கு மேற்பட்ட விளக்காகிறது. அதன் மின்கலம் 11.1 வோல்ட், 8700 மில்லி ஆம்பியர்-மணி அளவுடையது. பெருக்கினால் 97 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. விமானத்தில் பயணி கையோடு எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலத்திற்குத் தனி அனுமதி வேண்டாத எல்லை 100 வாட்-மணி என்பதால், இந்த அளவு தற்செயலானது என்று கருத இடமில்லை. காகிதத்தில் வகுத்துப் பார்த்தால் இம்மின்கலம் 579 முறை முழு ஒளி தர வேண்டும். நிறுவனத்தார் ஆற்றல் இழப்பைக் கழித்து 500 என்கின்றனர். முந்தைய நாள் இரவு மண்டபத்து அறையின் ஒரே பிளக் பாயிண்டை மணமகளின் முடிநேராக்கியும் மூன்று சித்தப்பாக்களின் கைபேசிகளும் பங்கிட்டுக்கொண்டிருந்தால் இத்தொகை மேலும் குறையும்.

முழு வலிமையுடன் ஒளிர்ந்த பின் மின்தேக்கி மீண்டும் நிரம்ப இரண்டரை நொடிவரை ஆகும். நிரம்பியதும் விளக்கு 'பீப்' என்று ஒலியெழுப்பும். புன்னகை என்பதும் மின்தேக்கியைப் போலவே சேர்த்துவைத்துச் செலவிடப்படும் பொருள் என்பதை இத்துறையின் நூல்கள் கவனிக்கத் தவறிவிட்டன. இளம் மணமக்களின் புன்னகை இரண்டு நொடிகளில் நிரம்பிவிடும். மணமகனின் தந்தைக்கு அரை நிமிடம் தேவைப்படும். பங்காளிச் சண்டையால் எட்டாண்டுகள் பேசாமலிருந்து இத்திருமணத்திற்கு வந்துள்ள பெரியப்பாவுக்கு ஒரே ஒரு புன்னகைக்கான ஆற்றலே உண்டு, அதுவும் விளக்கு நிரம்பிக்கொண்டிருக்கும் அந்த இரண்டரை நொடிக்குள்தான் வெளிப்படும்.

சூரியனோடு போட்டியிடும்போது வேறொரு தடை குறுக்கிடுகிறது. பளிச்சென்ற வெயிலில் உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், துளையளவு எஃப் 16, ஷட்டர் வேகம் 1/125 நொடி என்று அமைப்பது பழைய பிலிம் கால வாய்பாடு. ஆனால் மணமக்கள் விரும்புவது தங்களுக்குப் பின்னால் உள்ள குப்பைத்தொட்டி, ஐஸ்கிரீம் வண்டி, உறவினர் அனைவரும் மங்கிக் கரைந்துபோகும் படத்தை. அதற்கு எஃப் 2 போன்ற அகன்ற துளை வேண்டும், அதற்கேற்ப ஷட்டரும் 1/8000 நொடிவரை விரைய வேண்டும். கேமராவின் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை விலக, இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடும். ஏறத்தாழ 1/200 நொடிவரை, முதல் திரை முழுதும் விலகிய பிறகே இரண்டாவது புறப்படுவதால், கருவறைத் திரை விலகிய கணத்தில் காட்டப்படும் தீபாராதனை போல, ஸ்ட்ரோப் ஒளிர்வதை முழுச் சட்டகமும் காண்கிறது. அதற்கு மேல் விரைந்தால் இரண்டாம் திரை அவசரப்பட்டுத் துரத்துவதால் ஒரு சிறு இடைவெளி மட்டுமே நகர்ந்து செல்லும். அப்போது ஒருமுறை மின்னினால் மணமகனுக்கு மட்டும் ஒளி கிடைத்து மணமகள் இருளில் நிற்பார். இதற்குத் தீர்வாக, ஒரே வீச்சைப் பல சிறு துடிப்புகளாகச் சிதறடித்து அந்த இடைவெளி நகரும் நேரம் முழுவதும் ஒளிரச் செய்யும் 'ஹை ஸ்பீடு சிங்க்' என்னும் முறை வந்தது. ஆனால் சிதறிய ஒளி வலுவிழக்கும். ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்குத் தலைகீழாகக் குறையும் என்பதால், ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விளக்கு நகர்ந்தாலே கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே விளக்கு மணமக்களை நெருங்கியே தீர வேண்டும்.

நெருங்கினால் மட்டும் போதாது. ஒளி மென்மையாகவும் இருக்க வேண்டும். ஒளிமூலம் பெரிதாகத் தெரிந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும் என்பதனால், விளக்கின் முன்னால் 'சாஃப்ட் பாக்ஸ்' என்னும் துணிக்கூடு மாட்டப்படுகிறது. எண்கோண வடிவினதற்கு 'ஆக்டா' என்று பெயர். 120 செண்டிமீட்டர் விட்டமுள்ள ஆக்டா ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புடையது. ஒளியியலார் இதனை ஒளிமூலம் என்று காண்பர்; காற்று இதனைப் பாய்மரம் என்றே காண்கிறது. இவ்விரு பார்வைகளும் மோதும் இடம் கடற்கரையாகும்.

இக்கட்டுரையாளரின் அக்காள் மகளுடைய திருமணம் ஒரு மே மாதத்தில் நடந்தேறியது. மறுநாள் மாலை நான்கு மணியளவில், மாமல்லபுரத்துக் கடற்கரையில் மணமக்களும் இருவீட்டு உறவினரும் அவுட்டோர் ஷூட்டுக்காகத் திரண்டனர். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேற, நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று பாய்ந்துவரும் என்பதும், கோடைப் பிற்பகலில் அது வலுத்திருக்கும் என்பதும் பள்ளிப் பாடநூலிலேயே உள்ள செய்திகள். ஷூட்டுக்கு நேரம் குறித்தவர்கள் அப்பாடத்தைத் தேர்வோடு மறந்திருந்தனர். ஸ்டாண்டின் காலில் வைக்க வேண்டிய மணல் மூட்டை எடையைக் காரணம் காட்டி வண்டியிலேயே விடப்பட்டிருந்தது. அதாவது, மணல் நிறைந்த கடற்கரையில் மணல் மூட்டை இல்லாத நிலை. விளக்கைப் பிடிக்க வேண்டிய உதவியாளர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றும் இரண்டு பரோட்டா தின்றுவிட்டு ஓடி வருவதாகவும் கூறிப் போயிருந்தார். அவ்வேளையில் கைகட்டிச் சும்மா நின்றவர், உயரம் ஐந்தடி பத்து அங்குலம் என்பதைத் தவிர வேறு தகுதி ஏதும் இல்லாத தாய்மாமனாகிய இக்கட்டுரையாளர் ஒருவரே.

விளக்குத் தூக்குபவரின் சமூகத் தகுதி எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதை அளக்க அன்று நல்வாய்ப்புக் கிடைத்தது. "சார், ஒரே ஒரு நிமிஷம் இதைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று ஒளிப்படக்காரர் தொடங்கினார். ஐந்தாவது நிமிடத்தில் அது "அண்ணே, கொஞ்சம் இறக்குங்க" என்று ஆனது. கால் மணி நேரத்தில் பெயர், முறை, மரியாதை மூன்றும் உதிர்ந்து, "லைட்டு! இன்னும் மேல! லைட்டு, ஆடாத!" என்ற நிலையை எட்டியது. மூன்று கிலோ என்பது கையில் வைத்தால் ஒரு சிறு அரிசிப் பையின் எடைதான். அதையே நீண்ட கழியின் நுனியில் மாட்டி, மறுநுனியைப் பிடித்து நிற்கும்போது நெம்புகோல் விதி பிடித்திருப்பவருக்கு எதிராக வேலை செய்கிறது. இருபதாவது நிமிடத்தில் ஆக்டா காற்றைக் குடித்து உப்பியது. அதனைக் கட்டுரையாளர் பிடித்திருந்தார் என்பதைவிட, அது கட்டுரையாளரைக் கூட்டிக்கொண்டு சவுக்குத் தோப்பை நோக்கிப் புறப்பட்டது என்பதே பொருத்தம். ஏழெட்டு எட்டுகளில் விட்டக் கம்பிகளுள் ஒன்று முறிந்தது. அப்பக்கமாக வந்த தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல்காரர், "காத்துக்கு நேரா மூஞ்சியக் காட்டுனா தூக்கத்தான் செய்யும், பக்கவாட்டுல திருப்புங்க சார்" என்று கூறி, விளக்கைத் திரும்பவும் ஸ்டாண்டில் மாட்டச் செய்து, தம் சுண்டல் வாளியை ஸ்டாண்டின் காலில் கொளுவி வைத்தார். மீதிப் படங்கள் யாவும் அவ்வாளியின் எடையால் நின்றவை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சுண்டல் அள்ளியபோதெல்லாம் ஸ்டாண்டு சற்றே ஆடியது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு மாதங்களுக்குப் பின் திருமண ஆல்பம் வந்தது. கடற்கரைக் குடும்பப் படத்தில் இருவீட்டாரும் ஒளிவீசி நின்றனர். மணமகளின் தாய்மாமன் மட்டும் இல்லை, சட்டகத்தின் வலது ஓரத்தில் அவருடைய இடக்காற்செருப்பு இருந்தது. அரிசி மாவு இடிப்பது முதல் மாலை மாற்றுவதுவரை தாய்மாமன் இன்றி ஒன்றும் அசையாத குடும்பத்தில் இது சிறு குற்றமன்று. "என் தம்பி எங்கே?" என்று அக்காள் கேட்க, "சார்தாம்மா லைட் பிடிச்சாரு" என்று ஒளிப்படக்காரர் பணிவுடன் விடையளித்தார். அக்காளின் வற்புறுத்தலால், மண்டபத்தில் எடுத்த வேறொரு படத்திலிருந்து கட்டுரையாளர் வெட்டியெடுக்கப்பட்டுக் கடற்கரையில் ஒட்டப்பட்டார். செருப்பு அழிக்கப்பட்டது. திருத்திய படத்தில் மற்ற அனைவரின் முகத்திலும் ஒளி வலப்புறமிருந்து விழ, அவர் ஒருவருக்கு மட்டும் இடப்புறமிருந்து விழுகிறது. பிறரெல்லாம் காற்றில் கூந்தலும் முந்தானையும் பறக்க நிற்கும்போது, அவருடைய தலைமுடி மண்டபத்துக்குள் வாரியபடியே இருக்கிறது. வலப்புறத்து ஒளியைத் தந்துகொண்டிருந்தவர் அவரே என்பது படத்தைப் பார்ப்பவர் எவருக்கும் தோன்றுவதில்லை.

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவு எளியது. ஒளித்தூள் போய்க் குமிழ் வந்தது, குமிழ் போய்ச் செனான் குழாய் வந்தது, ஈய-அமிலம் போய் லித்தியம் வந்தது, கேமராவிலிருந்து விளக்கை இயக்கிய வயர் போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ட்ரிக்கர் வந்தது; இத்தனை மாற்றங்களுக்கும் இடையே விளக்கு தானாக ஓரடியும் நடக்கவில்லை. அதனை நடத்தியவர் எல்லாக் காலத்திலும் ஓர் ஆளே. அவர் திருமண வீட்டில் எல்லோருக்கும் முன்பாக வந்து, எல்லோருக்கும் பின்பாக உண்டு, எந்தப் படத்திலும் இல்லாமல் ஊர் திரும்புகிறார். எடுத்து முடித்த நாளின் கடைசிப் படமாக, லிங்கைப் போல் உதவியாளரையும் விளக்குகளையும் நிறுத்தி ஒன்று எடுத்துக்கொள்வதற்கு ஒளிப்படக்காரருக்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை. வாசகர்கள் செய்யக்கூடியது அதைவிடச் சிறியது. அடுத்த முகூர்த்தத்தில், மணமக்களுக்கு அருகே, சட்டகத்துக்குச் சற்று வெளியே, கழியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் இளைஞரிடம் "சாப்டியா தம்பி?" என்று ஒருமுறை கேட்கலாம். பெரும்பாலும் இல்லை என்றே விடை வரும். அவருக்கு முதல் பந்தியிலேயே ஓர் இலை போடச் சொல்லுங்கள்.